வாலில்லாத படம்

வேலாயுதா டாக்கீஸின் ஆபரேட்டர் அறைக் கதவில் ஒரு பலகை மாட்டியிருந்தது. 'உள்ளே இருப்பவர் அனுமதியின்றி யாரும் நுழையக் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது. எல்லாக் கொட்டகையிலும் இருக்கிற பலகைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு அப்படியே நடந்த நான்கு பேர் நொச்சிக்காட்டுவலசில்தான் இருந்தார்கள். அந்த நான்கு பேரும் அந்த அறையிலேயே வேலை பார்த்தவர்கள்.

கொட்டகை திறந்த முதல் நாள் காலையில் நால்வரும் கதவுக்கு வெளியே வந்து நின்றார்கள். உள்ளே யாரும் இல்லை. ஆகவே அனுமதி கொடுக்கவும் யாரும் இல்லை. மத்தியானம் வரை நின்று பார்த்தார்கள். பிறகு கூரையில் நான்கு ஓடுகளைப் பிரித்து நஞ்சப்பனைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார்கள். பலகை கதவில்தானே மாட்டியிருந்தது, கூரையில் இல்லையே. நஞ்சப்பன் உள்ளே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, "வாங்கோ" என்றார். மற்ற மூவரும் கதவைத் திறந்துகொண்டு போனார்கள்.

"நாளைக்கு என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டார்.

நாளைக்கும் அனுமதி வேண்டுமே என்று நஞ்சப்பன் அங்கேயே இருந்துவிட்டார். இந்தக் கதை நடக்கும்போது அவர் அந்த முக்காலிக்கு வந்து பதினோரு வருஷம். சோறு அங்கேயே வந்தது. மற்ற காரியங்களுக்கு அறையின் பின்பக்கம் பலகை இல்லாத இன்னொரு கதவு இருந்தது. அப்படியானால் எல்லாரும் அந்தக் கதவு வழியாகவே வந்துபோயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அது நஞ்சப்பனோட கதவுங்க" என்றார்கள்.

தலைமை ஆபரேட்டர் செங்கோடன். ரீல் பெட்டிகளைத் தூக்கி வைப்பவர் மாரப்பன். அவர் தோள் ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய். யோசிக்கிறவர் காளியண்ணன். சம்பளப் பட்டியலில் அவருக்கு மெஷின் விளக்கில் எரிகிற கார்பன் குச்சியை மாற்றும் வேலை என்று போட்டிருந்தாலும், மற்ற மூவரும் அவரை யோசிக்கத்தான் வைத்திருந்தார்கள். கொட்டகை முதலாளி கோயமுத்தூரில் இருந்தார். அவர் இந்தக் கதையில் வரமாட்டார். அது அவர் செய்த புண்ணியம்.

மெஷின் மிகப் பழையது. கப்பலில் வந்து, மூன்று கொட்டகைகளில் ஓடிவிட்டு, நான்காவதாக இங்கே வந்தது. சினிமா மெஷினுக்குள் பிலிம் ஓடிக்கொண்டே இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது ஓடுவதில்லை. ஒரு படம் நிற்கும், சட்டென்று நகரும், அடுத்த படம் நிற்கும். வினாடிக்கு இருபத்துநாலு தடவை இப்படி. நகர்வது நம் கண்ணுக்குத் தெரிந்துவிடாமல் இருக்க, விசிறி மாதிரி இரண்டு இறகு உள்ள ஒரு தகடு வெளிச்சத்துக்கு முன்னால் சுற்றும். அதற்கு ஷட்டர் என்று பெயர். பிலிம் நகர்கிற நேரத்தில் தகடு வெளிச்சத்தை மறைக்கும், நிற்கிற நேரத்தில் விலகும். தகடு ஒரு நூல் முன்பின் ஆனாலும் போச்சு. திரையில் பளிச்சென்று இருக்கிற எதற்கும் வால் முளைத்துவிடும்.

வேலாயுதா டாக்கீஸில் ஷட்டர் முன்பின் ஆகி ஆறு மாதம் இருக்கும். கதாநாயகியின் மூக்குத்திக்கு நெற்றி வரை வால். விளக்குக்கு விட்டம் வரை வால். சுடுகாட்டுக் காட்சியில் நிலாவுக்கு ஒரு வால் முளைத்து, ஜனங்கள் அதைப் பட்டம் என்று நினைத்து, சாவு வீட்டில் யார் பட்டம் விடுவது என்று கோபப்பட்டார்கள். மற்றபடி யாரும் குறை சொல்லவில்லை.

குறை சொன்னவர் அத்தப்பன் ஒருவர்தான். கரட்டூரில் புண்ணாக்கு மண்டி வைத்திருப்பவர். தன் மகன் கந்தவேலுக்குச் செங்கோடனின் மகள் பாவாயியைப் பெண் பார்க்க வந்திருந்தார். கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவள் பாவாயி. கந்தவேலுக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பலகாரம் முடிந்ததும் மரியாதைக்காகச் செங்கோடன் விருந்தாளிகளைப் படத்துக்கு அழைத்துப் போனார். தப்பு அங்கேதான் நடந்தது.

முதலில் அத்தப்பன் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார். ஈரோட்டுக்குப் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து மறுபடி பார்த்தார். வால் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"செங்கோடண்ணே, பொண்ணு லட்சணமா இருக்குது. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. ஆனா உங்க படத்துல மூக்குத்திக்கு வால் இருக்குதுங்களே?"

"ஆமாங்க. கொஞ்ச நாளா இருக்குதுங்க."

"நாளைக்கு என்ற சொந்தக்காரங்க பத்துப் பேரு படம் பாக்க வருவாங்க. சம்மந்தி கொட்டகையில எல்லாத்துக்கும் வால் முளைச்சிருக்குதுன்னு ஊரெல்லாஞ் சொன்னா என்ற மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கறது? வர்ற வெள்ளிக்கிழமை மேட்னிக்கு வர்றேன். வால் இல்லீன்னா தாம்பூலம் மாத்திக்கலாம். இருந்துதுன்னா, மன்னிச்சுக்கோங்க, வேற எடம் பாத்துக்கறோம்."

கந்தவேல் மோட்டார் பட்டறையில் வேலை பார்ப்பவன். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவன் மெதுவாகச் சொன்னான். "அது ஷட்டருங்க மாமா. அஞ்சு நிமிச வேலை. ஸ்குரு முடுக்கற திருப்புளி ஒண்ணு குடுத்தீங்கன்னா நானே வெச்சுத் தந்தர்றேன்."

இரண்டு வீட்டாரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை கையில திருப்புளி குடுக்கறதா!" என்றார் செங்கோடன்.

"பொண்ணு வூட்டுல போயி வேலை செய்யறதா!" என்றார் அத்தப்பன்.

அந்த ஒரு விஷயத்தில் சம்மந்திகள் இருவரும் நல்ல ஒற்றுமை.

செங்கோடன் கோயமுத்தூர் மெக்கானிக் சவரிமுத்துவுக்குக் கடிதம் போட்டார். சவரிமுத்துவுக்குக் கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது. வர முடியாது என்று சொல்லி, செய்ய வேண்டியதை ஒரு கார்டில் எழுதி அனுப்பினார். அந்தக் கார்டை நான் பார்த்திருக்கிறேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதைச் சவரிமுத்துவின் நல்ல பெயருக்காக இங்கே சொல்லிவிட வேண்டும்.

'ஷட்டரைக் கழற்றுமுன் தகடு நிற்கும் இடத்தைப் பக்கத்தில் உள்ள அசையாத பொருள் ஒன்றில் சாக்பீஸால் குறித்துக்கொள்ளவும். இரண்டு ஸ்குருவையும் கழற்றிப் பத்திரமான இடத்தில் வைக்கவும். மெஷினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கவும். பிலிம் நகரும்போது ஒளி தெரியக் கூடாது. நிற்கும்போது தெரிய வேண்டும். அவசரப்பட வேண்டாம்.'

செவ்வாய்க்கிழமை காலையில் நால்வரும் கார்டை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"அசையாத பொருள்" என்றார் செங்கோடன். "இந்த ரூமுல அசையாதது எது?"

"செவுரு" என்றார் மாரப்பன்.

காளியண்ணன் யோசித்தார். "லாரி போனா செவுரு அதிருதே."

"மிசினோட பெட்டி?"

"மிசின் ஓடுனா பெட்டியும் ஆடுதே."

"தரை?"

"பூமியே சுத்துதுங்கறாங்க."

மூவரும் மெதுவாகத் திரும்பி முக்காலியைப் பார்த்தார்கள். பதினோரு வருஷம். லாரி போனாலும், மெஷின் ஓடினாலும், ஒருநாள் கூரைக்குள் கருநாகம் வந்தபோதும் அசையாத நஞ்சப்பன் அங்கே இருந்தார்.

முக்காலியை மெஷினோடு ஒட்டிப் போட்டார்கள். தகட்டின் விளிம்புக்கு நேராக நஞ்சப்பனின் தொப்பையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்கள். பிறகு தகட்டைக் கழற்றினார்கள். கழற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தால் கோடு நகர்ந்திருந்தது.

"ஏப்பா நஞ்சப்பா, அசைஞ்சியா?"

"இல்லப்பா. மூச்சு உட்டேன்."

"மூச்சு உடற சோலியெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மேல வெச்சுக்கோ."

நஞ்சப்பன் பொறுப்பான ஆள். முடிந்தவரை பார்த்தார். முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கோடு இரண்டு அங்குலம் முன்னால் போயிருந்தது. ஆகவே கோட்டைக் காப்பாற்ற அவருக்கு ராத்திரிச் சோறு நிறுத்தப்பட்டது. காலையில் கோடு மூன்று அங்குலம் பின்னால் போயிருந்தது. பிறகு பாதிச் சோறு கொடுத்துப் பார்த்தார்கள். சரியாக எத்தனை கவளத்தில் கோடு பழைய இடத்துக்கு வருகிறது என்று பார்த்ததில் இருபத்தேழு கவளம் ஒரு அப்பளம் என்று கணக்கு வந்தது. செங்கோடன் அதைக் கார்டின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

அடுத்தது ஸ்குரு.

"பத்திரமான எடம்னு போட்டிருக்குது" என்றார் செங்கோடன். "என்ற மேசை டிராயருல வெக்கட்டுமா?"

"பூட்டு இல்லையே" என்றார் காளியண்ணன்.

"என்ற பெட்டியில?" என்றார் மாரப்பன்.

"உன்ற பெட்டிய உன்ற சம்சாரம் திறக்குமே."

"ஊருலயே பத்திரமான எடம் எதுன்னு நீயே சொல்லு."

காளியண்ணன் வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "மாரியம்மன் கோயில் உண்டியல். மூணு பூட்டு. மேல ஆத்தாளே உக்காந்து பாத்துட்டு இருக்கா."

மற்றவர்கள் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு ஸ்குருவும் உண்டியலுக்குள் விழுந்தன. விழுந்த சத்தம் கேட்டதும் செங்கோடனுக்கு மனசு லேசானது. இனி எவனாலும் எடுக்க முடியாது.

அதுதான் உண்மை. எவனாலும் எடுக்க முடியவில்லை. உண்டியல் திறப்பது வருஷத்தில் ஒரு நாள், சித்திரையில். அன்று ஆவணி பிறந்து நாலாம் நாள். பூசாரி இதைச் சொன்னபோது நால்வரும் வருத்தப்படவில்லை. அவ்வளவு பத்திரமான இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குப் பெருமைப்பட்டார்கள்.

விஷயம் கேள்விப்பட்ட பாவாயி அப்பாவிடம் ஓடி வந்தாள். "ஏனுங்கப்பா, கடையில வேற ரெண்டு ஸ்குரு வாங்கிப் போட்டா ஆகாதுங்களா?"

செங்கோடன் மகளைப் பரிவோடு பார்த்தார். "அம்மிணி, உண்டியல்ல ரெண்டு, வாங்கறது ரெண்டு. மொத்தம் நாலு ஆயிருமே. கார்டுல ரெண்டுன்னுதான் எழுதியிருக்குது."

பாவாயி டிக்கெட் கவுண்டருக்குப் போய் ஒரு புத்தகம் முழுக்க டிக்கெட்டைக் கிழித்துப் போட்டாள். அன்றைக்குக் காட்சியே இல்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஷட்டர் இல்லாமல் மெஷினை ஓட்டிப் பார்த்தார்கள். வால் போகவில்லை, ஊர்வலமே வந்தது. மூக்குத்தி, பொட்டு, பல் எல்லாம் மேலும் கீழுமாக இழுபட்டுத் திரை முழுக்க அடைமழை. கதாநாயகன் எது, தூண் எது என்று தெரியவில்லை.

"கார்டை மறுபடி படிங்க" என்றார் காளியண்ணன். செங்கோடன் படித்தார். 'பிலிம் நகரும்போது ஒளி தெரியக் கூடாது. நிற்கும்போது தெரிய வேண்டும்.'

"இந்த வரியில தகடுங்கற பேச்சே இல்லையே! ஒளி தெரியக் கூடாது, அவ்வளவுதானே? எதை வெச்சு மறைச்சா என்ன?" என்றார் காளியண்ணன்.

மாரப்பன் வீட்டுக்குப் போய் ஒரு முறத்தை எடுத்து வந்தார். வெளிச்சத்துக்கு முன்னால் நின்றுகொண்டு முறத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டியது. வினாடிக்கு இருபத்துநாலு தடவை. மாரப்பன் பலசாலி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் அவரால் வினாடிக்கு மூன்று தடவைதான் முடிந்தது. முறத்தில் ஒட்டியிருந்த பழைய தவிடு அறை முழுக்கப் பறந்து நஞ்சப்பன் இருபத்தொரு தும்மல் தும்மினார். சாக்பீஸ் கோடு எங்கே போனதென்றே தெரியவில்லை. மாரப்பனின் வலது தோள் இறங்கிவிட்டது. வைத்தியர் வந்து தோளை ஏற்றிவிட்டு, ஒரு மாதத்துக்கு முறத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிப் போனார். முறத்தால் தோள் இறங்கியவரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம்.

வியாழக்கிழமை. செங்கோடன் மூலையில் உட்கார்ந்து கண் கலங்கிவிட்டார். "என்ற புள்ளையோட வாழ்க்கை, ஒரு தகட்டால போயிரும் போலிருக்குதே."

காளியண்ணனால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு யோசித்தார். சாயங்காலம் துண்டை எடுத்தார்.

"செங்கோடா, வெளிச்சம் எத்தனை?"

"ஒண்ணு."

"அந்த ஒண்ணை மூடத்தானே இத்தனை பாடு? வெளிச்சத்தை மூடினா என்ன, பாக்கறவன் கண்ணை மூடினா என்ன? பிலிமு நகரும்போது சனங்க கண்ணை மூடிக்கட்டும். நின்னதும் திறக்கட்டும். ஒளி தெரியக் கூடாதுன்னா தெரியாது. தெரியணும்னா தெரியும்."

நஞ்சப்பன் முக்காலியிலிருந்து கேட்டார். "வினாடிக்கு இருபத்துநாலு தடவை கண்ணை மூடித் திறக்க முடியுமா?"

"எதுக்கு இருபத்துநாலு? கார்டுல என்ன எழுதியிருக்குது? 'கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கவும்.' மெதுவாச் சுத்துவோம். ரெண்டு வினாடிக்கு ஒரு படம். மணி அடிச்சதும் கண்ணை மூடணும், அடுத்த மணிக்கு முன்னால திறந்துக்கணும். அப்புறம் இன்னொண்ணும் எழுதியிருக்குது பாரு. 'அவசரப்பட வேண்டாம்.'"

சவரிமுத்து எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துத்தான் எழுதியிருக்கிறார் என்று நால்வரும் அசந்துபோனார்கள்.

செங்கோடனுக்கு ஒரு விஷயம் மட்டும் உறுதியாகத் தெரியும். கார்பன் வெளிச்சத்துக்கு முன்னால் பிலிம் நின்றால் பற்றிக்கொள்ளும். ஆகவே கார்பனை அணைத்துவிட்டு, ஐந்து பேட்டரி டார்ச் லைட் ஒன்றை மெஷினுக்குப் பின்னால் கட்டினார்கள். திரையில் ஒரு துண்டு அகலத்துக்குப் படம் விழுந்தது. ஜனங்களை முன்னால் தள்ளி உட்காரவைத்தால் போயிற்று. மணிக்கு ஐஸ்காரரிடம் சொல்லி அவர் வண்டி மணியை வாங்கி வந்தார்கள். அதை நஞ்சப்பன் கையில் கொடுத்தார்கள். உட்கார்ந்த இடத்திலேயே செய்கிற வேலை.

வெள்ளிக்கிழமை மேட்னி. இரண்டரை மணிக்குக் கொட்டகை நிரம்பியிருந்தது. அத்தப்பன் புதுக் கண்ணாடியோடு முதல் வரிசையில். பக்கத்தில் கந்தவேல். பாவாயி வாசலில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

காளியண்ணன் திரைக்கு முன்னால் வந்து கும்பிட்டார். "மகாசனங்களே! மணி அடிக்கும்போது கண்ணை மூடிக்கோங்க. மூடின கண்ணை உடனே திறந்துக்கோங்க. மணி அடிக்கறப்பத் திறந்து வெச்சிருந்து வால் தெரிஞ்சுதுன்னா நிர்வாகம் பொறுப்பில்லை."

"பின்னாடி இருக்கறவன் ஏமாத்தினா என்ன பண்றது?" என்று ஒரு குரல்.

"அவனுக்குத்தான் வால் தெரியும். நமக்கென்ன?"

நியாயமான பதில் என்று கொட்டகை ஒத்துக்கொண்டது.

மணி அடித்தது. முந்நூறு பேர் கண்ணை மூடினார்கள். செங்கோடன் சக்கரத்தைச் சுற்றினார். முந்நூறு பேர் கண்ணைத் திறந்தார்கள். மறுபடி மணி. முதல் கால் மணி நேரத்தில் சிலருக்கு முன்பின் ஆனது. பிறகு ஒரு தாளம் பிடிபட்டுவிட்டது. மணி, மூடு, திற. மணி, மூடு, திற. கைக்குழந்தைகூடப் பழகிவிட்டது. சத்தம் மட்டும் வரவில்லை. மாரப்பன் நல்ல கையால் தொடையைத் தட்டிக்கொண்டு தெரிந்த பாட்டைப் பாடினார்.

ஐந்தரைக்கு விளக்கைப் போட்டார்கள். மூன்று மணி நேரத்தில் அதுவரை எழுத்துதான் ஓடியிருந்தது. கதை ஆரம்பிக்கவில்லை. கதாநாயகன், கதாநாயகி, சண்டைப் பயிற்சி, தையல், சாப்பாட்டு ஏற்பாடு என்று ஒவ்வொரு பெயரும் கல்வெட்டு மாதிரி நின்றது.

செங்கோடன் இறங்கி வந்தார். அத்தப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார்.

"செங்கோடண்ணே."

"சொல்லுங்க."

"ஒரு எழுத்துக்கு வால் இல்லீங்க! நானும் நாப்பது வருசமாப் படம் பாக்கறேன். தைக்கறவர் பேரை இன்னிக்குத்தான் படிச்சேன். தாம்பூலம் உறுதிங்க."

செங்கோடன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். வாசலில் பாவாயி மூச்சு விட்டாள்.

"ஆனா படம் முடியட்டும்" என்றார் அத்தப்பன். "பாதியில எந்திரிச்சு வெத்தலை பாக்கு மாத்தறது படத்துக்கு மரியாதை இல்லை."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை. அது மூன்று மணி நேரப் படம். நாற்பத்தெட்டு மடங்கு மெதுவாக ஓடுகிறது. தினம் ஒரு மேட்னி என்றால் சரியாக நாற்பத்தெட்டு நாள். இதைக் காளியண்ணன் மறுநாள் அறிவித்ததும் கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. நாற்பத்தெட்டு நாள் என்றால் ஒரு மண்டலம்! இது சும்மா படமில்லை, விரதம் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. ஆண்கள் மஞ்சள் வேட்டிக்கு மாறினார்கள். கறி மீன் நின்றது. செருப்பை வெளியே விட்டார்கள். அத்தப்பன் மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு மகனோடு கொட்டகைக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டைப் பிடித்துத் தங்கினார்.

ஐந்தாம் நாள் கதாநாயகி வண்டியிலிருந்து ஒரு காலை எடுத்தாள். அந்தக் காலைத் தரையில் வைப்பதற்குள் இடைவேளை வந்துவிட்டது. மிச்சத்தை மறுபாதியில் வைத்தாள்.

பத்தாம் நாளுக்குமேல் கண் வேறு மாதிரி பழகிப்போனது. மணிக்கும் மணிக்கும் நடுவில் எது தெரிந்தாலும் அது படம்தான் என்று ஆகிவிட்டது. திரைக்கு முன்னால் ஒருநாள் ஒரு செவலை நாய் வந்து படுத்தது. ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைத் தூக்கிக் கொட்டாவி விட்டது. அத்தப்பன் உருகிப்போனார். "நாயி என்னமா நடிக்குது பாருங்க!"

அந்த நாயைப் பார்த்தபோதுதான் பாவாயிக்கு ஒன்று தோன்றியது.

ஆவணியின் கடைசி முகூர்த்தம் படம் ஆரம்பித்த இருபதாம் நாள், புதன்கிழமை. அதை விட்டால் புரட்டாசி. ஒரு மாதத்துக்குக் கல்யாணப் பேச்சே கூடாது. படமோ இன்னும் பாதிகூடத் தாண்டவில்லை. செவ்வாய்க்கிழமை டிக்கெட் கவுண்டரின் ஓட்டை வழியாகக் கந்தவேலிடம் சொன்னாள்.

"நாளைக்கு நாலே முக்காலுக்கு நல்ல நேரமாம். எதுத்தாப்ல பிள்ளையார் கோயில்ல தாலி கட்டிப்போடலாம்."

"எங்கப்பாரு முன்னாலயே உக்காந்திருக்காரு அம்மிணி. எந்திரிச்சா உட மாட்டாரு."

"மணி அடிக்கறப்ப ஒரு எட்டு வெக்கணும். அவுங்க கண்ணைத் திறக்கறப்ப அப்படியே நின்னுக்கணும். அவ்வளவுதான்."

கந்தவேல் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஷட்டரைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரு ஆள் அந்தக் கொட்டகையில் இருந்தாள் என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை நாலரை. மணி அடித்தது. கந்தவேல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான். மணி. பாவாயி வாசலிலிருந்து உள்ளே வந்தாள். மணி. ஒரு எட்டு. மணி. இன்னொரு எட்டு. திரைக்குப் பக்கத்தில் இருந்த கதவைப் பார்த்து இருவரும் போனார்கள். ஒவ்வொரு முறை கண் திறக்கும்போதும் ஒரு காலைத் தூக்கியபடி சிலையாக நின்றார்கள்.

அத்தப்பன் அவர்களைப் பார்த்தார். மேல்துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பக்கத்து ஆளின் தொடையைத் தட்டினார்.

"பாத்தீங்களா? எவ்வளவு சுத்தமா இருக்குது! பையன் ஆரு, புதுசா? நல்ல முகவெட்டு."

"பொண்ணும் பரவாயில்லீங்க."

"ஓடிப்போறாங்க போலிருக்குது. பெத்தவன் எவனோ, பாவம், மடையன்."

முந்நூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். மேலே ஆபரேட்டர் அறைத் துவாரத்தின் வழியாகச் செங்கோடனும் பார்த்தார். காட்சி அவருக்கும் பிடித்துப்போய், சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றினார். நஞ்சப்பனும் வேகமாக மணி அடித்தார். காதலர்களும் வேகமாக நடந்து கதவுக்கு வெளியே போய் மறைந்தார்கள்.

கொட்டகை அதிர்ந்தது. விசில். கைதட்டல். மஞ்சள் வேட்டிக்காரர்கள் பெஞ்சின்மேல் ஏறி நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் அத்தப்பன் துண்டைச் சுழற்றிக் கத்தினார்.

"ஒன்ஸ் மோர்!"

"ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!"

ஒன்ஸ் மோர் கேட்டால் போட்டுக் காட்டியே ஆக வேண்டும். அது எல்லாக் கொட்டகையிலும் உள்ள வழக்கம். செங்கோடன் சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தார். மணி அடித்தது. முந்நூறு பேரும் அந்தக் கதவையே பார்த்து, கண்ணை மூடி, திறந்து, மூடி, திறந்து காத்திருந்தார்கள். கால் மணி. அரை மணி.

ஐந்தேகாலுக்குக் கதவு திறந்தது. தாலி கட்டி, மாலையும் கழுத்துமாகப் பெரியவர்களிடம் ஆசீர்வாதம் வாங்க இருவரும் உள்ளே வந்தார்கள்.

"அட, மூஞ்சிய முன்னால காட்டிட்டு வர்றாங்களே!" என்று ஜனங்கள் கூச்சல் போட்டார்கள். "பின்னால சுத்தினா பின்னாலதான நடக்கோணும்? திரும்புங்க!"

வேறு வழியில்லை. இருவரும் திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு, ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் ஒரு எட்டாகப் பின்னாலேயே நடந்தார்கள். கந்தவேல் பின்பக்கமாகவே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தான். பாவாயி பின்பக்கமாகவே போய் வாசலில் நின்றாள். எல்லாம் முன்பிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அத்தப்பன் எழுந்து நின்றார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, ஏற்றி, வாசலில் நிற்கிற பெண்ணின் கழுத்தைப் பார்த்தார். பக்கத்து நாற்காலிப் பையனின் மாலையைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது.

"இந்த சீனுல அந்தப் பொண்ணு கழுத்துல தாலியே கிடையாதே! பையனுக்கு மாலை ஏது?"

கொட்டகை கூர்ந்து பார்த்தது. ஆமாம், கிடையாது. எல்லாருக்கும் நன்றாக நினைவிருந்தது.

அத்தப்பன் ஆபரேட்டர் அறைப் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினார்.

"யோவ் ஆபரேட்டர்! ரீலை மாத்திப் போட்டுட்டியேய்யா!"

துவாரத்தில் செங்கோடனின் தலை தெரிந்தது. பதறிப்போயிருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க சம்மந்தி! நான் வந்து பாக்கறேன். அதுவரைக்கும் எல்லாரும் கண்ணை மூடிட்டே இருங்க!"